எழுபதுக்கு மேல் ஆடும் வண்டி

எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஆடும் வண்டியை நாற்பதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்று சாவியை நீட்டுகிற ஆட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை. தக்கலையில் அப்படி ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவருடைய பட்டறை வாசலில் நான் நின்ற வெள்ளிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தால் வயிறு எரியும். அதனால் எண்ணுவதில்லை.

என் வண்டி என்று சொல்கிறேன். வீட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் கணவர் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய மோட்டார் சைக்கிள் அது. கல்யாணமான அடுத்த வருடம் அவர் கல்ஃபுக்குப் போய்விட்டார். வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம், காத்தாடி பராமரிக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தபோதுதான் தார்ப்பாயை உருவினேன். காத்தாடி என்றால் பிள்ளைகள் ஓலையில் செய்வது இல்லை. கணவாயில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எங்கள் வீடு இரணியலில். அவருடைய அம்மா, அதாவது என் மாமி, நான், என் மகள், மூன்று பேர். காலை ஏழு மணிக்கு நான் ஸ்டோரைத் திறக்க வேண்டும். பஸ்ஸில் போனால் மூன்று பஸ் மாறி, விழுந்தடித்து ஓடினாலும் எட்டரை ஆகிவிடும். ஆகவே வண்டி இருந்தால் வேலை உண்டு, வண்டி போனால் வேலையும் போகும். இது எனக்குத் தெரியும், என் கணவருக்குத் தெரியும், எங்கள் இரண்டு பேரையும் விட என் மாமிக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்கூட்டர் வாங்கலாமே என்று கேட்பவர்கள் ஆடி மாதத்தில் ஒரு தடவை அந்தக் கணவாய் வழியாக ஸ்கூட்டரில் போய்வந்து பிறகு கேட்கட்டும். கனமுள்ள வண்டிதான் அங்கே ரோட்டில் நிற்கும். எனக்கு அந்த வண்டியைப் பிடிக்கவும் செய்யும். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

ரொம்ப காலம் ரோடு யாரையும் ஐம்பதைத் தாண்ட விடவில்லை. குழியைப் பார்த்து ஓட்டவே கண் போதாது. பிறகு நாகர்கோவிலைத் தாண்டி நாலுவழிச் சாலையில் ஒரு துண்டைத் திறந்துவிட்டார்கள். முதல் நாள் காலையில் ஆசையாக ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். அறுபது, அறுபத்தைந்து, நன்றாகத்தான் போனது. எழுபதைத் தொட்டதும் ஹேண்டில்பார் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி. பயத்தில் கையை இறுக்கினேன். ஆட்டம் கூடியது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. என்ன தோன்றியதோ, பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டேன். அறுபதுக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி நேராகப் போனது. ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதை நான் நாலு பேரிடம் சொன்னேன். சொன்னதற்குப் பலன், நாலு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். காத்து. எங்கள் பக்கத்தில் எதற்கும் காத்துதான் காரணம். தேங்காய் விழுந்தால் காத்து, கரண்ட் போனால் காத்து, சபையில் மைக் கரகரத்தால் அதற்கும் காத்து. கம்பெனியில் கோபுரத்தின் உச்சி வரைக்கும் ஏறி இறங்குகிற டெக்னீஷியன்கள், காற்றை மீட்டரில் அளக்கத் தெரிந்தவர்கள், அவர்களும் அதையே சொன்னார்கள். காத்து இல்லையென்று நான் அடித்துச் சொன்னால் அடுத்த காரணம் தயாராக இருந்தது. பொம்பளைக் கை. இவ்வளவு வருடமாக அதே கைதானே ஓட்டிக்கொண்டிருந்தது என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் மழை விட்டு எல்லாம் அப்படியே அசையாமல் நின்றது. கணவாயில் ஒரு காத்தாடி கூடச் சுற்றவில்லை. இலை அசையவில்லை. அன்றைக்கு வேண்டுமென்றே எழுபது வைத்துப் பார்த்தேன். வண்டி ஆடியது. அதை வீட்டில் சொன்னேன். அப்படியென்றால் வண்டி பழசாகிவிட்டது என்று மாமி முடித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே விஷயம் மகனுக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டது.

என் கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் தூரத்தில் இருக்கிற ஆளுக்கு எல்லாம் சின்னதாகத் தெரியும் போலிருக்கிறது. போனில் முகத்தைக் காட்டி, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

"ஏட்டி, கிறிஸ்மஸுக்கு நான் வருவேன். அதுக்குள்ள ஆட்டம் நிக்கல்லண்ணா வண்டிய குடுத்துருவோம். நீயும் வேலைக்குப் போவாண்டாம்."

மாமி பக்கத்திலேயே உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் கை வேகமாகியது. ஸ்டோரில் எந்த ரேக்கில் எந்த போல்ட் இருக்கிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். நானே கஷ்டப்பட்டு அடுக்கிய இடம் அது. ஒரு ஹேண்டில்பார் ஆடுகிறது என்று அதை விட்டுவிட வேண்டுமாம்.

அப்படித்தான் வெள்ளிக்கிழமைகள் ஆரம்பமாயின. வெள்ளிக்கிழமை என் கணவருக்கு அங்கே லீவு. நான் வேலை முடிந்து வரும் வழியில் தக்கலையில் வண்டியை நிறுத்துவேன். உடனே மெக்கானிக் கையை நீட்டுவார். வண்டிச் சாவிக்கு இல்லை, என் போனுக்கு. கல்ஃப் வீட்டு வண்டி என்றால் எங்கள் ஊரில் வைத்தியம் இப்படித்தான். வண்டி இங்கே நிற்கும், ஓட்டுகிற பெண்ணும் இங்கே நிற்பாள், மெக்கானிக் கேள்வியெல்லாம் வண்டியை இரண்டு வருடமாகத் தொடாத ஆளிடம் வீடியோவில் கேட்பார். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. போனில் சார்ஜ் இருக்கா?

எழுபதுக்கு மேல்தான் ஆடுகிறது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை என்று நான் தெளிவாகச் சொன்னேன். அவர் அதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு போனைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணே, அக்காவுக்கு கொஞ்சம் பேடியாக்கும். நீங்க ஒண்ணும் பேடிக்காண்டாம். கோன் செட்டுதான் போயிருக்கும்."

பேடி என்றால் எங்கள் பக்கம் பயம். ஹேண்டில்பார் திரும்புகிற கழுத்தில் உள்ள பேரிங்கைத்தான் கோன் செட் என்பார்கள். மாற்றினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை முன் டயர், அதற்கடுத்து பின் டயர். பிறகு சக்கரத்துக் கம்பிகளை முறுக்கினார்கள். பிறகு பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மில் புஷ் தேய்ந்திருக்கிறது என்றார்கள், அதையும் மாற்றினார்கள். பழசு தேய்ந்திருந்தது நிஜம்தான். பத்துப் பதினைந்து வருட வண்டியில் எதைக் கழற்றினாலும் தேய்ந்துதான் இருக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் மெக்கானிக் ஏறி உட்கார்ந்து, ஜங்ஷன் வரைக்கும் போய்த் திரும்பி வருவார். அந்த ரோட்டில் மாலை நேரத்தில் நாற்பதைத் தொட்டால் அதுவே சாகசம். இறங்கி, வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்பார், என்னிடம் இல்லை, போனிடம். நாலுவழிச் சாலைக்கு வந்து ஓட்டிப் பாருங்கள் என்று நான் கெஞ்சாத குறை. கடையை விட்டுவிட்டு எப்படி வர முடியும் என்பார். மறுநாள் காலையில் எழுபதில் வண்டி ஆடும்.

இந்த இடத்தில் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன லீவுக்கு வந்தபோது என் கணவர் கல்ஃபிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். வண்டிக்குப் பின்னால், சீட்டைத் தாண்டி ஒரு கேரியர் நீட்டி, அதன் மேல் மாட்டுகிற பெட்டி. கறுப்பு நிறம், வெள்ளிப் பட்டை, இரண்டு ஹெல்மெட் கொள்ளும். உனக்குச் சாப்பாடு, மழைக்கோட்டு எல்லாம் வைக்கலாம் என்று அவரே மாட்டித் தந்துவிட்டுப் போனார். அதன் மேல் ஒட்டியிருந்த கண்ணாடித் தாளை உரிக்க மாமி விடவில்லை. சனிக்கிழமை தோறும் பழைய சேலைத் துணியால் அதைத் துடைப்பார். விருந்துக்கு வந்தவர்கள் விரலால் தட்டிப் பார்த்து, ஃபாரின் சாதனமாக்கும் என்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் மாமிக்கு முகம் மலரும். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று பேசுகிற அதே வாய்.

பட்டறையிலும் அதற்கு ராஜ மரியாதை. வண்டி உள்ளே வந்ததும் மெக்கானிக் முதல் வேலையாகக் கையைத் துடைத்துக்கொண்டு, லாக்கைத் திறந்து பெட்டியைத் தனியாக எடுப்பார். கிரீஸ் பட்டுவிடக் கூடாதாம். அலமாரிக்கு மேல் ஒரு செய்தித்தாளை விரித்து அதன் மேல் வைப்பார். வேலை முடிந்து, ஓட்டிப் பார்த்து, வெண்ணெய் என்று சொல்லி, அதற்கப்புறம்தான் பெட்டியைத் திரும்ப மாட்டுவார். இதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நின்றது நானும்தான்.

புஷ் மாற்றிய அன்றைக்கு மழை கொட்டியது. பட்டறையைச் சீக்கிரம் அடைக்கிற அவசரத்தில் அவரும் மறந்தார், நானும் மறந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பெட்டி இல்லை என்று மாமி கூப்பாடு போட்டார். மறுநாள் காலையில் டிஃபனைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நாலுவழிச் சாலையில் எழுபது வைத்தேன். எப்போதும் போல் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. எழுபத்தைந்து, எண்பது. வண்டி கோடு போட்டது போல நேராகப் போனது. எனக்கு ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது. புஷ்தான் காரணமோ என்று அப்போது நினைத்தேன். மெக்கானிக்கை இவ்வளவு திட்டியிருக்க வேண்டாமோ என்று கூடத் தோன்றியது.

சாயங்காலம் பட்டறையில் பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் பழையபடி ஆட்டம். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. செவ்வாய்க்கிழமை பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன், ஆட்டம் இல்லை. புதன்கிழமை பெட்டியை மாட்டி, உள்ளே பாரத்துக்காக ஒரு படலை ஏத்தன் வாழைக்காயை வைத்துப் போனேன், அறுபத்தைந்திலேயே ஆடியது. வால் பக்கம் பாரம் தொங்கினால் முன்சக்கரம் ரோட்டை அழுத்திப் பிடிக்காது. போதாததற்கு அந்த அகலப் பெட்டி பின்னால் நின்று காற்றையும் வாங்கிக்கொள்ளும். இது ஒரு பெரிய வித்தையே இல்லை. ஆனால் கோன் செட், டயர், புஷ் என்று வண்டியின் குடலையே உருவிப் பார்த்தவர்கள் ஒருவருக்கும் பெட்டி மேல் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? அது ஃபாரின் அல்லவா.

மெக்கானிக்கிடம் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அக்கா, அது ஃபாரின் பெட்டியாக்கும். அதுல என்ன குத்தம் வரும்? புஷ்ஷு செட்டாக நாலு நாளு ஆவும்."

அந்த வெள்ளிக்கிழமை என் கணவரிடம் நானே சொன்னேன். பெட்டி இருந்தால் ஆடுகிறது, எடுத்தால் ஆடவில்லை, இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டேன் என்று. அவர் முகம் வாடிவிட்டது. ஆசையாகக் கொண்டுவந்ததைக் குற்றம் சொல்கிறாயே என்றார். ஏர்போர்ட்டில் எடைக்கு மேலே போய், தன் துணிமணியை அறையில் கூட இருந்த கூட்டுக்காரனிடம் விட்டுவிட்டு வந்தாராம் அதற்காக. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நான் உங்களையா குறை சொல்கிறேன், பெட்டியைத்தானே சொல்கிறேன் என்றேன். பெட்டியும் தானும் வேறு வேறு என்று அவருக்குப் புரியவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் சொன்னேன். பேச்சை மாற்றினார்.

நான் பெட்டியைக் கழற்றி மச்சில் வைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தேன். மருமகள் பெட்டியை மூலையில் எறிந்துவிட்டாள் என்று மாமி மகனிடம் புகார் சொன்னார். ஆட்டம் நின்றுவிட்டதைச் சொன்னாரா என்றால், அது மட்டும் அவருக்கு ஓர்மையில் இல்லை.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் என் கணவர் வந்தார். வந்த மறுநாளே மச்சிலிருந்து பெட்டி இறங்கியது. காவல்கிணற்றில் இருக்கும் தங்கைக்குச் சாமான் கொடுக்கப் போக வேண்டும், இந்த வண்டியிலேயே போகலாம், பெட்டியை மாட்டி நானே ஓட்டுகிறேன், ஆடினால் நாளைக்கே கேட்கிற ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முற்றத்தில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னார். பிறகு பெட்டியை நிரப்பினார். பால்பொடி டின், பேரீச்சம்பழம், சோப்பு, தலைவலித் தைலம், கல்ஃபிலிருந்து வருகிறவன் தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? மூடி அடைக்க மாட்டாமல் முழங்காலை வைத்து அமுக்கி அடைத்தார். நான் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தேன். அறுபதுக்கு மேலே போகாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். அதே சிரிப்பு.

நாகர்கோவில் வரைக்கும் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓட்டினார். நாலுவழிச் சாலை வந்ததும் முறுக்கினார். அவர் தோளுக்கு மேலாக மீட்டரைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய உடனே ஆரம்பித்துவிட்டது. நான் தனியாகப் போனபோது ஒருநாளும் அப்படி ஆடியது இல்லை. பெட்டி என் முதுகில் இடித்தது. அவர் தோள்பட்டை இரண்டும் கல்லாகிப் போனது எனக்குத் தெரிந்தது. கையை இறுக்குகிறார், அடுத்து பிரேக்கைப் பிடிப்பார். பிடித்தால் இரண்டு பேரும் ரோட்டில்தான். வீட்டில் என் மகள் புதுக் கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு ஒரு நொடி வந்து போனது.

அவர் காதருகே குனிந்து சொன்னேன். "பிரேக்கத் தொடாண்டாம். கைய இறுக்காதீங்க. ஆக்ஸிலேட்டர பைய விடுங்க."

கேட்டார். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் அவர் கேட்டது அப்போதுதான். வேகம் குறைந்தது, ஆட்டம் நின்றது, வண்டி ஓரத்துக்கு வந்தது. இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றினார். உதடு வெளுத்திருந்தது. அண்ணாந்து பார்த்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். கணவாயில் காத்தாடிகள் ஒன்று கூடச் சுற்றாமல் நின்றுகொண்டிருந்தன.

"இதுலயா நீ தெனமும் போன?" என்றார்.

"ஆமா. வெள்ளிக்கிழமை தோறும் சொன்னேன்லா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. என் உயிர் ஆடியபோதெல்லாம் காத்து, பேடி, பொம்பளைக் கை. அவர் உயிர் ஒரு தடவை ஆடியதும் முகத்தில் இவ்வளவு ஆச்சரியம். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டே நின்றார்.

ஆரல்வாய்மொழி பஸ் ஸ்டாப் வரைக்கும் உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு போனோம். அங்கே நான் லாக்கைத் திறந்து பெட்டியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். வண்டிச் சாவிக்குக் கையை நீட்டினேன். கொடுத்தார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முப்பந்தல் தாண்டி அந்த பஸ்ஸை முந்தும்போது எண்பதில் இருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், மடியில் பெட்டி. கண்ணாடித் தாள் வெயிலில் மின்னியது. ஹேண்டில்பார் இம்மி அசையவில்லை.

காவல்கிணற்றில் நாத்தனார் வீட்டில் ஆளுக்கொரு கேள்வி. வண்டியில் வருவதாகச் சொன்ன அண்ணன் எதற்குப் பெட்டியைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வருகிறார்? அவர் பால்பொடி டின்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டே சொன்னார்.

"கணவாயில காத்து கொஞ்சம் பெலமா இருந்துது."

எல்லோரும் தலையாட்டினார்கள். முற்றத்துக் கொடியில் காயப்போட்டிருந்த துணி ஒன்று கூட அசையவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் நாத்தனார் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள். வண்டியை விற்கப் போவதாக அம்மா சொன்னார்களே, ஆள் பார்த்தாயிற்றா என்று.

"விக்கதா? எதுக்கு விக்கணும்?" என்றார், இத்தனை மாதமும் அதை வேறு யாரோ சொல்லிக்கொண்டு திரிந்த மாதிரி. "பொறவு அவ வேலைக்கு எதுல போவா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் தட்டிலிருந்த கேக்கை எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது அவர் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார், காலிப் பெட்டியை அங்கேயே தங்கைக்குக் கொடுத்துவிட்டு. அவள் இப்போது அதில் அரிசி போட்டு வைத்திருக்கிறாளாம். சாவி என் பையில் இருக்கிறது.